சும்மா இருக்கும்போதுதான் அது அதிகம் கத்தியது



இந்த முறை கம்ப்யூட்டர் பற்றி எழுதப்போகிறேன். "சாருக்கு எதுக்கு இந்த வேலை" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டே படியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் 40 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டர் சூடாகி இரைந்தால், பிள்ளையைத் திட்டுவதும் தப்பு, கடைக்காரர் பேச்சைக் கேட்டு உடனே புதுசு வாங்குவதும் தப்பு. யாரும் கேட்காத வேலையை அந்தப் பெட்டி எவ்வளவு செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும் தகுதி எனக்குப் படிப்பால் வரவில்லை. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் முடித்து, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆறாவதிலிருந்து எட்டாவது வரை அறிவியல் எடுத்தவன். இந்தத் தகுதி நான் செய்த ஒரு தப்பால் வந்தது.

மகள் வயிற்றுப் பேரன் எங்களோடு இருந்து காலேஜ் போகிறான். முதல் வருஷம் முடிந்துவிட்டது. லீவு நாட்களில் நம் கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பலகை தூக்கி, வந்தவர்களுக்குக் கூடமாட இருந்து காசு சேர்த்தான். அவன் ஆயா சீட்டு எடுத்து மீதியைக் கொடுத்தாள். அதில் ஒரு பழைய கம்ப்யூட்டரும், அதற்கு 11,000 ரூபாயில் செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டும் வாங்கினான். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்று பெயர். 2019-இல் வந்த மாடலாம்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன என்று கேட்கும் அத்தைமார்களுக்காக ஒரு வரி: திரையில் ஓடும் படத்தை ஒவ்வொன்றாக வரைந்து தள்ளும் பலகை அது. நடுவில் தபால்தலை அளவுக்கு ஒரு சில்லு, அதன் மேல் அலுமினியத் தகடுகள், அதன் மேல் இரண்டு குட்டி ஃபேன். இவனுடையது முழு மூச்சில் ஓடினால் 125 வாட் இழுக்கும். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் 75 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஃபேன்கூட இல்லை. ஆனால் சீலிங் ஃபேனில் அந்த மின்சாரம் காற்றைத் தள்ளப் போகிறது. இங்கே அத்தனையும் தபால்தலை அளவு இடத்தில் சூடாகவே இறங்குகிறது. அந்தச் சூட்டை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் சில்லு தாங்காது.

கத்திரி வெயில் ஆரம்பித்ததும் இரைச்சல் ஆரம்பித்தது. மாவு மிஷின் தூரத்தில் ஓடுவதுபோல ஒரு சத்தம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அது ஒன்றுதான் வீட்டில் கேட்கும். என் வீட்டம்மாவுக்கு ரத்த அழுத்தம். தூக்கம் கெட்டால் அடுத்த நாள் முழுக்கத் தலைவலி. இரண்டு முறை சொன்னேன். "ஆச்சு தாத்தா, இந்த மேட்ச் முடிஞ்சதும்" என்றான். மூன்றாவது முறை சொல்லவில்லை. நேராகப் போய் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஐந்து பேர் ஒரு அணியாக ஆடும் ஆட்டம் அது. மற்ற நாலு பேரில் ஒருவன் மதுரை, ஒருவன் யாழ்ப்பாணமாம். இவன் பாதியில் காணாமல் போனால் அவர்கள் தோற்பார்கள், இவனுக்கும் அபராதம் விழும். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை அப்படி நிறுத்தினால் அதில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெட்டுப்போகலாம் என்பதும் பிறகுதான் உறைத்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டான். நாலு நாள் என்னோடு பேச்சில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். ஐந்தாம் நாள் காலையில் ஆயாவிடம், "காலேஜ் திறந்ததும் ஹாஸ்டல்ல சேந்துக்கறேன் ஆயா" என்று சொன்னது கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

நான் வேலையில் இருந்தபோது பல பேரை வகுப்பை விட்டு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அதில் உண்டு. யாரும் தானாக எழுந்து வெளியே போகிறேன் என்று என்னிடம் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் அவன் அறை வாசலில் போய் நின்று, "டேய் கண்ணா, ஒரு தடவை அதைப் போடு. எங்க இரையுதுன்னு நான் கேக்கணும்" என்றேன். இதிலும் ஏதோ திட்டு இருக்கிறது என்று நினைத்துத்தான் போட்டான்.

முதலில் பெட்டிக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. அயர்ன் பாக்ஸ் பக்கத்தில் கை வைத்த மாதிரி இருந்தது. ஆட்டத்தைத் திறந்தான். வேலரன்ட் என்று பெயர். இன்னும் ஆடவில்லை. திரையில் ஒரு ஆள் ஆயுதத்தோடு சும்மா நிற்கிறான், ஓரத்தில் நாலு பொத்தான்கள். எதிரணி கிடைக்கக் காத்திருக்கும் நேரம். அப்போதே ஃபேன் உச்சத்தில் அலறுகிறது. ஆட்டம் தொடங்கியதும், எனக்கே நம்பிக்கை இல்லை, சத்தம் கொஞ்சம் தணிந்தது. முடிந்து மறுபடி அந்தக் காத்திருக்கும் திரைக்கு வந்ததும் மறுபடி அலறல்.

"ஓடும்போது மூச்சு வாங்கினா சரி. நிக்கும்போது ஏன்டா வாங்குது?" என்று கேட்டேன்.

அவனுக்கு அது புதுச் செய்தி. அவன் காதில் எப்போதும் ஹெட்ஃபோன். அந்தச் சத்தத்தை அத்தனை நாள் கேட்டவர்கள் நானும் அவன் ஆயாவும்தான்.

விஷயம் இதுதான். அவன் மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தை மாற்றும், அதற்கு மேல் அதால் முடியாது. ஆட்டம் நடக்கும்போது யார் எங்கே ஓடுகிறான், யார் சுட்டான் என்று கணக்குப் போட வேண்டியது இன்னொரு சில்லு, பிராசஸர். அது கணக்கை முடித்துக் கொடுத்தால்தான் கார்டு வரைய முடியும். அதனால் கார்டுக்கு நடுநடுவே ஓய்வு கிடைக்கிறது. காத்திருக்கும் திரையில் கணக்கே இல்லை. வரையச் சுலபமான ஒரே காட்சி, நிறுத்தச் சொல்ல ஆளில்லை. அதனால் கார்டு அந்த ஒரே படத்தை விநாடிக்கு 300 தடவைக்கு மேல் வரைந்துகொண்டிருந்தது. அவன் ஓர் எண்ணைத் திரை மூலையில் வரவழைத்துக் காட்டினான்: 340, 352, 347. அதில் 60 போக மீதி எதையும் எந்தக் கண்ணும் பார்க்கவில்லை. அத்தனைக்கும் கரண்ட், அத்தனைக்கும் சூடு, அத்தனைக்கும் சத்தம்.

இது என் பேரன் வீட்டுக் குறை மட்டும் இல்லை. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற ஆட்டம் வந்தபோது, மெனு திரைகளிலேயே கார்டு கொதிக்கிறது என்று உலகம் முழுக்கப் புகார் வந்தது. தயாரித்த பிளிஸார்ட் நிறுவனமே, எளிய காட்சிகளில் கார்டு முழு வேகத்தில் வரைவதுதான் காரணம் என்று சொல்லி, விநாடிக்கு இத்தனை படம் போதும் என்று எல்லை வைக்க வழி சொன்னது. பதினொரு வருஷம் கழித்து, 2021 ஜூலையில், அமேசானின் நியூ வேர்ல்ட் என்ற ஆட்டத்தின் வெள்ளோட்டத்தில் லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின. அந்தக் கார்டுகளில் சாலிடரிங் பிழை இருந்ததாகத் தயாரித்த நிறுவனம் பிறகு சொன்னது. ஆனாலும் அமேசான் செய்த முதல் காரியம் மெனு திரைக்கு வேக எல்லை வைத்ததுதான். அத்தனை பெரிய நிறுவனங்களே சறுக்கிய இடத்தில் பதினெட்டு வயதுப் பையனை நான் பொறுப்பில்லாதவன் என்று சொன்னேன்.

வேலரன்ட்டில் அதற்கு வசதி ஏற்கெனவே இருக்கிறது. அமைப்புகளில் போனால் மெனுவுக்குத் தனி எல்லை, ஆட்டத்தைச் சிறிதாக்கி வேறு வேலை பார்க்கும்போது தனி எல்லை, எப்போதுமான எல்லை என்று மூன்றும் உண்டு. மெனுவுக்கு 60, பின்னணியில் 30 வைத்தோம். ஆட்டத்துக்கும் 60 வை என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "படம் தெரியாட்டியும் தாத்தா, ஃப்ரேம் கூட இருந்தா நான் அமுக்குனது சீக்கிரம் திரைக்கு வரும்" என்றான். விசாரித்தேன், அதில் உண்மை இருக்கிறது. புதிதாக வரைந்த படம் கைவசம் இருந்தால் தாமதம் கொஞ்சம் குறையும். பேரம் பேசி 120-இல் நிறுத்தினோம். ஆட்டத்துக்குள் வசதி இல்லாத விளையாட்டுகளுக்கு என்விடியா கன்ட்ரோல் பேனலிலேயே எல்லை வைக்கலாம்.

அன்று ராத்திரியே பாதிச் சத்தம் போய்விட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

மீதிப் பாதிக்கு என் பழைய மாணவன் ஒருவன் உதவினான். பெயர் போட வேண்டாம் என்றான். சிறுசேரி சிப்காட் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் டெக்னீஷியன். கோவளத்திலிருந்து பார்த்தால் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் தெரிகிற அந்த ஊரில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் வரிசையாக இரவும் பகலும் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்தவன் அறைக்குள் நுழைந்ததும் சிரித்துவிட்டான். "சார், நீங்கதானே எங்கள பீச்சுக்குக் கூட்டிட்டுப் போயி கடற்காத்து நிலக்காத்து நடத்துனீங்க?"

ஏன் சிரித்தான் என்று பெட்டியைப் பார்த்ததும் புரிந்தது. மேசைக்கு அடியில் உள்ள தட்டில், முதுகு சுவரில் முட்ட வைத்திருந்தோம். பின்னால் வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதி, மேலே போக வழியில்லாமல், மேசைக்கு அடியிலேயே சுற்றி, முன்பக்கமாக மறுபடி உள்ளே போகிறது. தான் விட்ட மூச்சையே தான் இழுக்கிறது. அவர்கள் இடத்தில் குளிர்ந்த காற்று முன்பக்கம் வரும், சூடான காற்று பின்பக்கம் போகும், இரண்டும் கலக்கவே கூடாது என்பதுதான் முதல் பாடமாம். வெப்பச்சலனத்தை முப்பது வருஷம் நடத்தியவன் வீட்டில் இந்த நிலை.

இது இன்னொரு உபகாரமும் செய்தது. ஃபேன் குளிரவைக்காது, இருக்கிற காற்றைத் தள்ளும், அவ்வளவுதான். அறை 34 டிகிரி என்றால் 34 டிகிரி காற்றைத்தான் தள்ளும். அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். யூடியூபில் குளிர் நாட்டுக்காரர் "என் கார்டு 62 டிகிரிதான்" என்று காட்டுவதைப் பார்த்து இவன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். அவர் அறை 20 டிகிரி. நம் ஊர்ப் பக்கம் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அவர் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட முடியாது. நமக்கு 70, 75 நல்ல எண். இவன் கார்டு 83-ஐ ஒட்டி வந்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். அன்றுவரை அது 84-இல் நின்றது.

பெட்டியை மேசைக்கு மேலே ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே பார்த்து வீட்டம்மாவே "அடப்பாவி" என்றாள். தகடுகளுக்கு நடுவில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. அதிலும் ஈரத் தூசி, தட்டினால் விழாது.

கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். நமக்குக் கடல் இரண்டு தெரு தள்ளி. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் பெயின்ட் அடிக்கிறோம், அடுத்த பொங்கலுக்குத் துரு. காற்றில் வரும் உப்பு எல்லாவற்றின் மேலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைப் பார்த்தால் தெரியும். கோவளத்தில் பல நாள் விடியற்காலையில் அந்த அளவைத் தாண்டியே இருக்கும். தகட்டின் மேல் படிந்த உப்புத் தூசி அப்படிக் கசிந்தால் அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், சொருகும் இடங்களில் பச்சை பிடிக்கும், ஃபேனின் அச்சு இறுகும். மீன்பிடிப் படகில் வெளியே மாட்டும் இன்ஜினைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறார்களே, அதே காரணம். இங்கே தண்ணீர் விட முடியாது, அதனால் தூசியைச் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

"பக்கத் தகட்டைக் கழற்றியே வை, காற்றாடும்" என்று இணையத்தில் பலர் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் சோதிக்கச் செய்யலாம். கழற்றி வைத்தால் சூடு சட்டென்று குறைந்தது என்றால் பெட்டிக்குள் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஆனால் நம் ஊரில் அப்படியே விட்டுவிடாதீர்கள். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்கவும் வேண்டாம். காற்று சுகமாகத்தான் இருக்கும், உப்பும் கூடவே வரும்.

உறை பற்றியும் சொல்ல வேண்டும். என் வீட்டம்மா டிவிக்கு, மிக்ஸிக்கு, தையல் மிஷினுக்கு என்று எல்லாவற்றுக்கும் துணியில் உறை தைப்பவள். இதற்கும் பூப்போட்ட உறை தைத்து மேலே போர்த்தியிருந்தாள், பெட்டி ஓடும்போதும். மேலே இருந்த காற்றுத் துளைகள் முழுக்க மூடிக்கிடந்தன. பேரனுக்கு எடுக்கச் சொல்ல மனசில்லை, ஆயா வருத்தப்படுவாள் என்று. நான்தான் சொன்னேன். அவள் வருத்தப்படவில்லை, "ஓடும்போது எடுத்துட்டா போச்சு, இதுக்கா இத்தனை நாள்" என்றாள். உப்பும் தூசியும் படியாமல் இருக்க அந்த உறை நல்லதுதான். நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்டுப் போர்த்துகிறோம்.

சுத்தம் செய்யும்போது மாணவன் சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் அச்சு கெடும், மோட்டார் திரும்ப மின்சாரம் உண்டாக்கிப் பலகைக்குள் அனுப்பவும் கூடும். வீட்டு வேக்குவம் கிளீனரின் முனையைப் பலகையில் வைத்துத் தேய்க்கக் கூடாது, உராய்வில் உண்டாகும் நிலைமின்சாரம் சில்லைக் கொல்லும். மென்மையான பெயின்ட் பிரஷ் போதும். சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் தடவியிருக்கும் பசை வருஷங்களில் காய்ந்துபோகும், அதை மாற்றினால் இன்னும் சில டிகிரி குறையலாம். வாரன்டி உள்ள கார்டைத் திறக்காதீர்கள். எங்கள் கார்டுக்கு வாரன்டியும் இல்லை, பிறந்த ஊரும் தெரியாது. அதனால் அவனே மாற்றினான்.

பிறந்த ஊர் தெரியாது என்றேனே, அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஆட்கள் இந்தக் கார்டுகளை வரிசையாக அடுக்கி எதீரியம் என்ற இணையக் காசைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், இரவு பகல் நிறுத்தாமல். 2022 செப்டம்பர் 15 அன்று அந்தக் காசு முறை மாறியது, கார்டு வைத்துத் தோண்டும் தேவை போயிற்று. தோண்டியவர்கள் கார்டுகளைச் சந்தையில் தள்ளிவிட்டார்கள். 1660 சூப்பர் அந்த வேலைக்கு ரொம்பவும் பயன்பட்ட மாடல். எங்களுடையதும் அப்படி வந்ததாக இருக்கலாம். அப்படி வந்தவற்றில் முதலில் தேய்வது ஃபேன்தான்.

கடைசியாக ஒரு காரியம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்று ஒரு இலவச மென்பொருள், மற்ற நிறுவனங்களின் கார்டுக்கும் வேலை செய்யும். அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள், அதே பெயரில் போலித் தளங்கள் வைரஸ் விற்கின்றன. அதில் கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம். 100 சதவீதத்திலிருந்து 75 ஆக்கினோம். கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காகத்தான் இந்தச் சில்லுகள் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கின்றன. அதை விட்டுக்கொடுத்தால் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை என்று அவனே சொன்னான். ஃபேன் எந்தச் சூட்டில் எவ்வளவு சுற்ற வேண்டும் என்றும் அதிலேயே ஒரு கோடு வரையலாம். முன்பு திடீரென்று ஏறி திடீரென்று இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. ஒரே சீராக இரைந்தால் காது மறந்துவிடும்.

84 டிகிரியில் நின்றது, அறை 33 டிகிரி இருந்த ராத்திரியில், 68-இல் நிற்கிறது.

இனி என் மனக்குறை. இதற்கு முன்பே மாப்பிள்ளை அந்தக் கார்டைச் சென்னையில் ஒரு கடைக்கு எடுத்துப் போயிருந்தார். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் "இது போயிடுச்சு சார், புதுசு போட்டுடுங்க" என்றாராம். மாப்பிள்ளையும் நல்ல மனசோடுதான், "மாமா, பிறந்த நாளுக்கு நான் வாங்கித் தரேன்" என்றார். வாங்கியிருந்தால்? புதுக் கார்டும் அதே மேசைக்கு அடியில், அதே உறைக்குள், அதே மெனுவை இன்னும் வேகமாக வரைந்திருக்கும். விலை ஏற ஏறச் சூடும் ஏறுகிறது. 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 என்ற கார்டு 575 வாட். ஒரு குட்டி அடுப்பைப் படுக்கையறையில் வைப்பதுதான் அது. சத்தப் பிரச்சினையும் புதிதில்லை. 2003-இல் இதே என்விடியா ஒரு கார்டு கொண்டுவந்தது, ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா. அதன் இரைச்சலை உலகமே கேலி செய்து, கடைசியில் நிறுவனமே தன்னைக் கிண்டலடித்து ஒரு வீடியோ எடுத்தது.

"ஏசி போட்டுடுங்களேன்" என்று என் தங்கை வீட்டுக்காரர் குடும்ப குரூப்பில் எழுதினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேரனின் மொத்தப் பெட்டியும் முன்பு 220 வாட் இழுத்தது என்று வைத்தாலும், தினம் மூன்று மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட்தான். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்றாலும் அதே நேரத்துக்கு 180 யூனிட். நமக்கு இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும் என்பது பில் கட்டும் எல்லோருக்கும் தெரியும். தவிர, ஏசியில் குளிர்ந்து கிடக்கும் பெட்டியின் மேல், அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்ததும் கடல் காற்று பட்டால் ஃபிரிஜ் பாட்டில்போல வியர்க்கும். அந்த ஈரம் உப்போடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். மனிதர்களுக்காக ஏசி போடுங்கள், கார்டுக்காக வேண்டாம்.

மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கத்தில் 1984-இலிருந்து அணுமின் நிலையம் இருக்கிறது. அதைக் கடலோரத்தில் வைத்ததற்கு ஒரு காரணமே, சூட்டைக் கொண்டுபோகக் கடல் தண்ணீர் வேண்டும் என்பதுதான். சிறுசேரிக்காரர்களும் அதே சூட்டோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். சூடு எங்கே போகப்போகிறது என்று யோசித்துவிட்டுத்தான் பெரிய இடங்களில் இயந்திரத்தை வைக்கிறார்கள். வீட்டில் மட்டும் நாம் சுவரில் முட்ட வைத்துவிட்டு, பையன் கெட்டுப்போய்விட்டான் என்கிறோம்.

"அப்ப விளையாடட்டும்னு விட்டுடறீங்களா" என்று கேட்பவர்களுக்கு: விளையாடும் நேரம் பற்றி எனக்கும் கருத்து உண்டு. ராத்திரி பத்தரைக்கு மேல் கிடையாது என்று பேசி முடித்திருக்கிறோம், பரீட்சை மாதத்தில் ஒன்பது. அதை வாயால் பேசி முடிவு செய்ய வேண்டும். ஃபேன் இரைச்சலைச் சாக்காக வைத்து நான் நேரத்தைத்தான் கண்டித்துக்கொண்டிருந்தேன். அது அவனுக்குப் புரிந்திருந்தது, எனக்குத்தான் புரியவில்லை. பணம் கட்டி ஆடும் ரம்மி வகையோடு இதைச் சேர்க்காதீர்கள். அதைத் தடுக்க நம் மாநிலம் சட்டம் போட்டது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் போட்டது. அதே மத்தியச் சட்டம் இந்த மாதிரி அணி ஆட்டப் போட்டிகளை இ-ஸ்போர்ட்ஸ் என்று தனியாக அங்கீகரிக்கிறது. குரூப்பில் "கேம் ஆடிக் கெட்டுப்போறான்" என்று எழுதிய பெரியவர் ஒரு நாள் கோவளம் வந்து அவன் அந்தப் பலகையைப் பிரித்துப் பசை தடவி மாட்டுவதைப் பார்க்கட்டும். எட்டாம் வகுப்பில் இதை நான் கரும்பலகையில் படம் போட்டு மட்டுமே நடத்தியிருக்கிறேன்.

இன்னும் ஒரு மெல்லிய 'ஈ' சத்தம் வருகிறது, காதை ஒட்டி வைத்தால் கேட்கும். பலகையில் உள்ள கம்பிச்சுருள்கள் அதிர்வதாம்; அதனால் கெடுதல் ஒன்றும் இல்லையாம். இடது பக்க ஃபேன் மட்டும் சுற்றும்போது 'டிக் டிக்' என்கிறது. அச்சு தேய்ந்திருக்கிறது. ஒரு ஜோடி ஃபேன் ஆர்டர் போட்டிருக்கிறான், 700 ரூபாய், செவ்வாய்க்கிழமை வரும். ஹாஸ்டல் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய ஃபேனைக் கழற்றும்போது நீங்கதான் டார்ச் பிடிக்கணும் தாத்தா என்று சொல்லியிருக்கிறான். நாலு ஸ்க்ரூதானாம். அதில் ஒன்று ரொம்பச் சின்னது, விழுந்தால் கிடைக்காது என்கிறான். என் படிக்கும் கண்ணாடிக்குக் காது உடைந்திருந்தது. நேற்று கேளம்பாக்கம் போய் சரி செய்து வைத்திருக்கிறேன்.